எத்தனால் ட்யூன் வாங்கும் முன்: வாசகர் கேள்வி-பதில்

போன மாதம் டர்போ கார்களின் ரீமேப், அதாவது எஞ்சின் கணினியின் மேப்பை (எரிபொருள், பொறிக் கணக்கை) மாற்றுவது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வாளையாரிலிருந்து மீனாட்சிபுரம் வரை கேரளத்தின் பாலக்காடு எல்லையோரம் முழுக்கக் கடிதம் வந்திருக்கிறது. பாதிக்கு மேல் எத்தனால் பற்றித்தான் (இ20, இ85 என்றால் எரிபொருளில் 20, 85 சதம் எத்தனால்). சுருக்கித் தருகிறேன்.

கே: என்னிடம் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் இருக்கிறது. கோவையில் ஒரு ட்யூனர், "45,000 ரூபாய்க்கு இ85 மேப் போட்டுத் தருகிறேன், 40 குதிரைசக்தி கூடும்" என்கிறார். கொடுக்கலாமா? (சித்தூர்)

ப: கொடுக்க வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதே விலையை மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள்.

எத்தனால் டர்போ எஞ்சினுக்கு நல்ல எரிபொருள், அதில் சந்தேகம் இல்லை. பூஸ்ட்டை (டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தத்தை) ஏற்ற ஏற்ற சிலிண்டருக்குள் சூடு ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல், பிளக்கின் பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேரும் முன்பே மிச்சப் பெட்ரோல் தானே வெடிக்கும். அதுதான் நாக்கிங். எத்தனாலின் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) 108-க்குப் பக்கம். ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதனால் பூஸ்ட்டைக் கூட்டலாம், இக்னிஷனை முன்னே தள்ளலாம், அதாவது பொறியைக் கொஞ்சம் முன்னதாக விடலாம். ட்யூனர் இதுவரை சொன்னது சரி.

அவர் சொல்லாமல் விட்டது இனிமேல்தான். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அப்படியென்றால் அதே காற்றுக்கு எத்தனாலை நிறைய ஊற்ற வேண்டும். இ85 ஓட்டினால் இப்போது பங்க்கில் போடும் இ20-ஐவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக எரிபொருள் போக வேண்டும். உங்கள் வண்டியில் இருக்கும் பம்ப்பும் இன்ஜெக்டரும் அதற்காக அளவெடுத்து வைத்தவை அல்ல. நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஹை பிரஷர் பம்ப்தான் முதலில் கைவிரிக்கும். அந்த நேரத்தில் ஃபுல் த்ராட்டிலில் இருந்தால் கலவை லீன் ஆகி (காற்றுக்கு எரிபொருள் போதாமல்) பிஸ்டன் போகும். 45,000-க்கு வெறும் மேப் என்றால் பம்ப் எங்கே, இன்ஜெக்டர் எங்கே, எத்தனால் அளவைப் படிக்கும் சென்சார் எங்கே?

அடுத்தது, இ85-ஐ எங்கே வாங்குவீர்கள்? இந்தியன் ஆயில் 2024 மார்ச்சில் ஐந்து மாநிலங்களில் 183 பங்க்குகளில் எத்தனால் 100 விற்பனையைத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு உண்டு, கேரளம் இல்லை. அதுவும் சுத்த எத்தனால் அல்ல, ஏறக்குறைய 93 சதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 லிட்டர் டேங்கை இ40 ஆக்கவே அதில் 11 லிட்டரும் இ20-யில் 29 லிட்டரும் கலக்க வேண்டும். இ85-க்கு டேங்க் முழுக்கக் கிட்டத்தட்ட அதுவேதான். ஒவ்வொரு முறையும் எல்லை தாண்டி, அது இருக்கும் பங்க்கைத் தேடிப் போவீர்களா? போகாத வாரம் இ20 போட்டால் அந்த மேப் எஞ்சினுக்கு எமன்.

எனக்கு இதில் ஆறாத கோபம் ஒன்று உண்டு. இங்கே மேப் விற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "எந்த ஊரில், எந்தப் பங்க்கில் பெட்ரோல் போடுகிறீர்கள்?" என்று கேட்பதே இல்லை. தையல்காரர் அளவெடுக்காமல் சட்டை தைத்துக் கொடுத்தால் வாங்குவோமா? எஞ்சினுக்கு மட்டும் ஏன் வாங்குகிறோம்? நல்ல ட்யூனர் எத்தனால் சென்சாரை முதலில் வைப்பார். டேங்கில் இருப்பது இ20-யா இ60-யா என்று அது படித்துச் சொல்ல, ஈசியு (எஞ்சின் கணினி) தானே மாறிக்கொள்ளும். வண்டியை ஓட்டி லாக் (எஞ்சின் பதிவு) எடுத்து, நாக் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று வரைபடத்தைக் கையில் கொடுப்பார். அதைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கே: கையேட்டில் 91 ஆக்டேன் என்று போட்டிருக்கிறது. டர்போ இல்லாத என் காருக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பவர் கூடுமா? (கஞ்சிக்கோடு)

ப: கூடாது.

கே: பொள்ளாச்சிப் பக்கம் ஒருவர் கேனில் எத்தனால் தருகிறார். கோபாலபுரம் வழியாகக் கொண்டுவந்து நானே கலந்துகொள்ளலாமா?

ப: தம்பி, நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துதான் கேட்கிறீர்களா? ஸ்பிரிட் கடத்தலுக்கென்றே சோதனை நடக்கும் பாதை அது. கேரள அப்காரி (மது, ஸ்பிரிட்) சட்டத்தில் இதற்கு 10 ஆண்டு வரை சிறை. "காருக்குத்தான் சார்" என்று செக்போஸ்ட்டில் சொன்னால் யார் கேட்பார்கள்? தொடவே தொடாதீர்கள்.

கே: இ20 பயத்தில் "எத்தனால் பாதுகாப்பு" திரவம் மூன்று பாட்டில் ஆன்லைனில் வாங்கினேன். 2012 மாடல் கார். பலன் உண்டா? (வேலந்தாவளம்)

ப: பாட்டிலில் என்ன இருக்கிறது என்று படித்தீர்களா? மூன்று பாட்டில் வாங்குவதற்கு முன் ஒரு நிமிஷம் திருப்பிப் பார்த்திருக்கலாமே. அந்தக் காசை வைத்துப் பழைய ஹோஸ், சீல், ஃபில்டர் மாற்றியிருக்கலாம். எத்தனால் பிடிக்காதது அந்த ரப்பருக்குத்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருஷம் முன்பு ஒரு ஸ்பேர் கடையில் ஃப்யூவல் பம்ப் வாங்கினேன். பெட்டி அசல் போலவே இருந்தது, விலை பாதி, பில் கேட்கவில்லை. நாலு மாதத்தில் வண்டி மேட்டில் திணறியது. பம்ப்பைக் கழற்றினால் ஓ-ரிங், பாயசத்தில் ஊறின திராட்சை மாதிரி உப்பி, நகம் பட்டதும் பிய்ந்து வந்தது. கடைக்காரர், "இது என் கடைச் சரக்கே இல்லை" என்றார். என்னிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அன்றிலிருந்து பத்து ரூபாய் வாஷருக்கும் பில் வாங்குகிறேன்.

கே: பங்க்கில் எத்தனால் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் பார்க்க முடியுமா? (கொழிஞ்சாம்பாறை)

ப: முடியும். 100 மில்லி அளவுக் குடுவையில் முதலில் 10 மில்லி தண்ணீர். அதன்மேல் 100 கோடு வரை பெட்ரோல். மூடிக் குலுக்கி, பத்து நிமிஷம் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கும். இ20 என்றால் அடிக்கோடு 10-லிருந்து 28-க்குப் பக்கம் ஏறியிருக்கும். வெட்டவெளியில், அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். இடவப்பாதி மழைக்காலத்தில் டேங்கைப் பாதி காலியாக நாள்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

கே: இ70 ஓட்டுகிறேன். நெல்லியாம்பதியில் விடிகாலை ஸ்டார்ட் ஆகவில்லை.

ப: குளிரில் எத்தனால் சரியாக ஆவியாகாது. வண்டியில் எத்தனால் சென்சார் இருந்தால் மட்டும், மலை ஏறும் முன் இ20 நிறைய சேருங்கள்.

கே: எல்லாரும்தானே செய்கிறார்கள், ட்யூன் செய்தால் ஆர்.சி.யில் என்ன பிரச்னை?

ப: எல்லாரும் செய்வது சட்டம் ஆகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் படியுங்கள். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் கேரளத்திலிருந்து போன வழக்கில். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் வரலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் இதைத்தான் தேடுவார். வேகம்தான் ஆசை என்றால், செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்கென்று தனியாக ஒரு வண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கே: கோவையில் எத்தனால் ட்யூனுக்கும் பம்ப்புக்கும் 80,000 கொடுத்தேன். மூன்றே வாரத்தில் பிஸ்டன் உடைந்தது. "பெட்ரோல் கெட்டது" என்றார், இப்போது போன் எடுப்பதில்லை. பில் இல்லை, யுபிஐ-யில் அனுப்பியதும் வாட்ஸ்அப் பேச்சும்தான் இருக்கிறது. கோவைக்கு அலைய என்னால் முடியாது. (கொழிஞ்சாம்பாறை)

ப: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மனசு கனத்துவிட்டது. உங்கள் மேல் தப்பில்லை.

கோவைக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பாலக்காடு மாவட்ட ஆணையம் போதும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள், ட்யூனருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். யுபிஐ ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் நல்ல சாட்சிதான். போனை மாற்றும் முன் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள். மாற்றம் சட்டப்படி செல்லாது என்று அவர் தரப்பில் வாதிடலாம். அதைச் சொல்லாமல் காசு வாங்கியது யார் என்று நீங்கள் கேளுங்கள்.

இன்னொன்று. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவினது போல் புள்ளி, நடுவே அலுமினியம் மினுக்கு இருந்தால், நாக்கிங் பிஸ்டனைத் தின்றிருக்கிறது. படம் எடுத்து, எந்த சிலிண்டர் என்று எழுதித் தனித்தனி உறையில் போடுங்கள். டேங்கில் மிச்சமுள்ள எரிபொருளை இரண்டு பாட்டிலில் மூடி வையுங்கள், "கெட்ட பெட்ரோல்" என்ற பேச்சுக்கு அதுதான் பதில். உடைந்த பிஸ்டனை எடைக்குப் போட்டுவிடுவார்கள், இன்றைக்கே போய் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வாங்கி வாருங்கள்.