பியூச்சர்ஸ் ஒப்பந்தம் முடிகிற நாளில் பங்கு விலை ஏன் ஆடுகிறது?

நீங்கள் சென்னையில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: ஒப்பந்தம் முடிகிற செவ்வாய்க்கிழமை, கடைசி அரை மணி நேரத்தில் என் பங்கு சரிந்தது, கம்பனியைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை, விற்றுவிடட்டுமா என்று. அந்தக் காரணத்துக்காக விற்காதீர்கள். பியூச்சர்ஸ் என்றால், இன்று பேசிய விலைக்குப் பின்னர் ஒரு குறித்த நாளில் வாங்கவோ விற்கவோ இணங்கும் ஒப்பந்தம்.

நான் கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்கு வணிகம் படிப்பிக்கிறேன். இதை எங்கள் வீட்டு நெல்லை வைத்துத்தான் விளங்கப்படுத்துவேன். விதைப்புக்கு அப்பா ஒரு வியாபாரியிடம் கடன் எடுப்பார். காலபோக அறுவடை முடிந்ததும் கட்ட வேண்டும். பரந்தனிலும் முரசுமோட்டையிலும் பலருக்கு அதே தவணை. எல்லாரும் ஒரே கிழமையில் மூடைகளை ஏற்றினால் விலை விழத்தானே செய்யும்? பொறுத்திருந்து விற்றவர்கள் நல்ல விலை பார்த்தார்கள். அப்பாவால் பொறுக்க முடியவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறெரிகிறது.

சந்தையிலும் தவணைதான் வேலை செய்கிறது. நிப்டி என்பது இந்தியாவின் ஐம்பது பெரிய கம்பனிப் பங்குகளின் விலையைச் சேர்த்துக் காட்டும் சுட்டெண். நிப்டி பியூச்சர்ஸ் விலை, அந்தப் பங்குகளின் மதிப்பைவிட அளவுக்கு மீறி ஏறி நின்றால், பெரிய நிறுவனங்கள் பியூச்சர்ஸை விற்று, நிப்டியில் உள்ள பங்குகளை வாங்கி வைக்கும். முடிவு நாளில் இரண்டு விலையும் ஒன்றாகிவிடும்; இடைவெளி அவர்களுக்கு லாபம். சுட்டெண் ஒப்பந்தத்தில் பங்கு கைமாறாமல் விலை வித்தியாசம் காசாகவே தீர்க்கப்படுவதால் பியூச்சர்ஸ் தானாக முடிந்துவிடும், பங்குகள் மட்டும் கையில் நிற்கும். ஒப்பந்தக் கணக்கை முடிக்கும் தீர்வு விலை எந்த நேரத்தில் கணக்கிடப்படுகிறதோ, அந்த நேரத்திலேயே பங்குகளையும் விற்றால்தான் அவர்கள் கணக்கு நேராகும். நிப்டிக்குக் கடைசி அரை மணி நேரச் சராசரி விலையே எடுக்கப்பட்டு வந்தது. கூட்டம் ஏன் அங்கே சேர்கிறது என்று இப்போது விளங்கும். அதேயளவு வாங்குகிறவர்களும் வந்தால் விலை அசையாது. பலர் ஒப்பந்தத்தை அடுத்த மாதத்துக்கு மாற்றிக்கொண்டாலும் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் கனத்தால்தான் ஆட்டம்.

அமெரிக்காவில் 1980களில் ஸ்டோல், வேலி என்ற இருவர் இதை ஆராய்ந்தார்கள். முடிவு நாளின் கடைசி மணி நேரத்தில் வியாபாரம் பெருகியது, விலை கொஞ்சம் நகர்ந்தது, அடுத்த வியாபார நாள் காலையில் திரும்பியது. 1987இல் எஸ் அண்ட் பி 500 என்ற அமெரிக்கச் சுட்டெண்ணின் பியூச்சர்ஸ் தீர்வை, முடிவு நாளின் காலைத் தொடக்க விலைக்கு மாற்றினார்கள்.

ஒரு கம்பனியின் பங்கின் மேல் மட்டும் போடும் தனிப் பங்கு ஒப்பந்தம் வேறு கதை. இந்தியாவில் 2019 ஒக்டோபர் முதல் அவை எல்லாவற்றிலும் பங்கையே கைமாற்ற வேண்டும். அதனால் பலர் முடிவு நாளுக்கு முந்திய நாட்களிலேயே விலகிவிடுவார்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேண்டுமென்றே விலையை இழுக்கும் வேலை. முடிவு நாட்களில் சுட்டெண்ணை அப்படி நகர்த்தியதாக ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க வர்த்தக நிறுவனத்தின் மேல் குற்றம் சாட்டி, 2025 ஜூலையில் இந்தியப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 4,843 கோடி ரூபாயை முடக்க இடைக்கால ஆணை போட்டது. நிறுவனம் அதை மறுக்கிறது.

சரி, உங்கள் பங்கை இரண்டு நாள் பாருங்கள். விலை திரும்பாவிட்டால் கம்பனியின் கணக்கைப் புரட்டுங்கள். காசு அவசரமென்றால் முடிவு நாளில் காலையிலேயே விற்றுவிடுங்கள், பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வேண்டாம்.