திருவிழா உடையில் ஒரு கிராமம்

அன்புள்ள ஐயா,

செக் ஓவியர் யோஷா உப்ர்காவைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். படங்களைத் தேடிப் பார்த்தேன். வண்ணங்கள் அழகு, ஆனால் எல்லாரும் திருவிழாவுக்குக் கிளம்பியவர்கள் மாதிரியே இருக்கிறார்கள். சேறு இல்லை, பசி இல்லை. சுற்றுலாத்துறைக் காலண்டர் போலிருந்தது. அது இருக்கட்டும், என் கேள்வி வேறு. அவரோடு ம்யூனிக்கில் இருந்த இன்னொரு செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முஹா பாரிஸுக்குப் போய் உலகப்புகழ் பெற்றார். உப்ர்காவும் ஊர் திரும்பாமல் இருந்திருந்தால் அப்படி வந்திருப்பாரா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்வியைப் பிறகு பார்க்கலாம். "அது இருக்கட்டும்" என்று தாண்டிப் போனீர்களே, அந்த இடத்தில்தான் எனக்கு வேலை. கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி யாருடனாவது சண்டை போட வேண்டும் என்றிருந்தேன், நீங்களாக வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

உப்ர்கா 1861இல் செக் நாட்டின் தெற்கு மொராவியாப் பகுதியில் க்னியெஷ்துப் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிராகிலும் ம்யூனிக்கிலும் படித்துவிட்டு அதே மண்ணுக்குத் திரும்பி, பக்கத்து ஊரான ஹ்ரோஸ்நோவா ல்ஹோட்டாவில் வீடு அமைத்துக்கொண்டு வாழ்ந்தார். சேற்றைப் பற்றி அவருக்கு நீங்களும் நானும் சொல்லித்தர வேண்டியதில்லை. வயல்வேலையையும் வரைந்திருக்கிறார், நீங்கள் அதுவரை போகவில்லை. கைபேசியில் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்திருப்பீர்கள். அப்படிப் பார்த்தால் எல்லாமே காலண்டர்தான்.

அந்தப் பகுதியில் ஊருக்கு ஊர் உடை மாறும். ஒரு பெண் எந்த ஊர், மணமானவளா இல்லையா என்பதை உடுப்பையும் தலைத்துணியையும் வைத்தே சொல்லிவிடுவார்கள். அந்தச் சட்டைக் கைகளில் இருக்கிற பூவேலை பெண்கள் கைப்பட ஊசியால் போட்டது, எத்தனையோ ராத்திரிகளின் உழைப்பு. நீங்கள் உழைப்பு எங்கே என்று கேட்கிறீர்கள், அது அவர்கள் தோளிலேயே இருக்கிறது! நகரத்துத் துணி ஊருக்குள் வந்து இதெல்லாம் மறையத் தொடங்கிய காலத்தில், எந்தப் பூ எந்த ஊருடையது, தலைத்துணியை எப்படிக் கட்டுவார்கள் என்று உட்கார்ந்து வரைந்து வைத்தவர் அவர். 1897இல் வரைந்த 'ராஜாக்களின் சவாரி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவப் பண்டிகையை ஒட்டி நடக்கும் சடங்கு அது. ஒரு சிறுவனை ராஜாவாக்கி, பெண்ணுடை உடுத்தி, முகத்தை ரிப்பன்களால் மறைத்து, வாயில் ஒரு ரோஜாவைக் கொடுத்துக் குதிரையில் ஏற்றுவார்கள். ராஜா பேசக்கூடாது, சுற்றி வரும் குதிரைக்காரர்கள்தான் பாட்டுச் சொல்லி வீடு வீடாகக் காசு கேட்பார்கள். 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு அதைப் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உப்ர்கா வேடிக்கை பார்க்க வந்து வரைந்தவர் இல்லை.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்றால், நான் சின்னப் பையனாக இருந்தபோது கிராமத்தைப் பற்றி எழுத நகரத்திலிருந்து கேமராவோடு ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். என் அப்பத்தா சாணி தட்டிக்கொண்டிருந்தாள். "அப்படியே இருங்கம்மா, அதுதான் இயல்பா இருக்கு" என்றார் அவர். அப்பத்தா எழுந்து கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். அந்துருண்டை வாசம் அடிக்கிற கூரைப்புடவையைக் கட்டிக்கொண்டு, திருநீறு பூசி, ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து "இப்ப எடு" என்றாள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒப்புக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார், அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. கிராமத்து மனுஷி எப்போதும் அழுக்குச் சேலையில் இருந்தால்தான் உண்மை என்று யார் உங்களுக்கெல்லாம் சொன்னது? நம் எழுத்திலும் இந்த நோய் இருக்கிறது. வறுமையை எழுதினால் யதார்த்தம், வீட்டு விசேஷத்தை எழுதினால் பொய்!

உப்ர்காவிடம் குறையே இல்லை என்று சொல்லவில்லை. பின்னாளில் தான் முன்பு வரைந்ததையே திரும்பத் திரும்ப வரைந்தார் என்பது என் எண்ணம். அதைச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன்.

சரி, முஹா. இந்த 'இருந்திருந்தால்' கணக்கில் எனக்கு ஆர்வமே இல்லை. உப்ர்காவும் பாரிஸுக்குப் போனவர்தான். புனித அந்தோணியார் கோயில் யாத்திரையை வரைந்த படத்துக்கு 1894இல் அங்கேயே, சலோன் கண்காட்சியில், சிறப்புக் குறிப்பும் வாங்கினார். அப்புறம் ஊரிலேயே இருந்துகொண்டார். 1902இல் சிற்பி ரோடின் பிராகுக்கு வந்தபோது முஹாவும் கூட இருந்தார். இருவரும் மொராவியாவுக்கு ரயிலேறி, ஹ்ரோஸ்நோவா ல்ஹோட்டாவில் உப்ர்காவின் வீடு தேடிப் போனார்கள்.

'ராஜாக்களின் சவாரி'யைக் கணினித் திரையிலாவது பெரிதாக வைத்துப் பாருங்கள். அந்தத் துணிகளில் வெயில் எப்படி விழுகிறது என்று எனக்கு எழுதுங்கள். காலண்டர் என்று மட்டும் மறுபடியும் எழுத வேண்டாம்.

அன்புடன்