பணம் மட்டும் இருந்தால் டர்போ ஸ்போர்ட்ஸ் காரில் எத்தனை குதிரைத்திறன் வேண்டுமானாலும் ஏற்ற முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: 3 லிட்டர் டர்போ இன்ஜினில் 1000, 1500 குதிரைத்திறன் எடுக்கிறார்கள், வீடியோவில் பார்க்கிறோம், என்னிடம் இருக்கும் 380 குதிரைத்திறன் காரையும் அப்படி ஏற்றிக்கொண்டே போகலாமா, எங்கே போய் முட்டும்?

ஏற்றலாம். ஆனால் எத்தனை என்று கேட்கிற அதே மூச்சில் எத்தனை நேரத்துக்கு என்றும் கேட்டுவிடுங்கள். டர்போ கார் பேச்சில் பெரும்பாலோர் விட்டுவிடுகிற பாதி அதுதான். நானும் விட்டேன், அதற்கு ஒரு பிஸ்டன் போனது, அந்தக் கதை பிறகு.

1980களின் ஃபார்முலா 1 பந்தயத்தில் பி.எம்.டபிள்யூ எம்12/13 என்று ஒரு இன்ஜின் இருந்தது. வெறும் 1.5 லிட்டர், நாலு சிலிண்டர், ஒரே டர்போ. அதன் பிளாக் சாதாரண சாலைக் காரின் வார்ப்பிரும்பு பிளாக்கிலிருந்து வந்தது. 1986இல் தகுதிச் சுற்றுக்கு அதில் 5 பாருக்கு மேல் பூஸ்ட் (டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தம்; ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) வைத்தார்கள். எவ்வளவு பவர் வந்தது என்று இன்றுவரை சரியாகத் தெரியாது, ஏனென்றால் இன்ஜினின் பவரை அளக்கிற டைனோ இயந்திரத்தின் அளவுகோல் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1300க்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் அந்த இன்ஜின் சில சுற்றுகள் ஓடியதும் கழற்றப்பட்டுவிடும், அதற்கு மேல் அதன் ஆயுள் கிடையாது. மறுநாள் பந்தயத்தில் 300 கிலோமீட்டர் ஓட வேண்டிய, 195 லிட்டர் எரிபொருளுக்குள் முடிக்க வேண்டிய இன்ஜினில் பூஸ்ட்டை வெகுவாக இறக்கிவிடுவார்கள், பவரும் 1000க்குக் கீழே வந்துவிடும். இரும்பும் ஆட்களும் அதேதான், நேரம் மட்டும்தான் வேறு. 1987இல் 4 பார், 1988இல் 2.5 பார் என்று விதி கட்டி, 1989இல் டர்போவையே தடை செய்தார்கள்.

சரி, எங்கே முட்டும் என்பதற்கு வருவோம். இன்ஜின் என்பது காற்றை இழுத்துத் தள்ளும் பம்ப். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலைக் கூட்டுவது சுலபம், காற்றைத் திணிப்பதுதான் பாடு. அதற்குத்தான் டர்போ. உலக ராலி கார்களில் டர்போவின் வாயில் 34 மில்லிமீட்டர் வளையம் ஒன்றைக் கட்டாயமாக்கி, பல ஆண்டுகள் பவரைச் சுமார் 300இல் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் ஒரு கிராம்கூடப் போகாது, பின்னால் எவ்வளவு பெரிய டர்போ வைத்தாலும் வீண்.

உங்கள் காரில் அந்த வளையம் இல்லை, பெரிய டர்போ போட்டால் காற்று வரும். ஆனால் சூடாக வரும். சைக்கிள் பம்பை அடித்துவிட்டு அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 27 டிகிரி காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு நசுக்கினால், நல்ல கம்ப்ரஸராக இருந்தாலும் வெளியே வரும்போது 115 டிகிரி போல இருக்கும். மூன்று மடங்கு என்றால் 175. டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் இன்டர்கூலர் அதைக் குளிர வைக்கும், ஆனால் இன்டர்கூலரும் ஒரு உலோகத் துண்டுதான், முதல் பத்து விநாடி தன் உடம்பிலேயே வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு வெளிக்காற்று எடுத்துப் போகிற வேகத்துக்குத்தான் அதனால் ஈடுகொடுக்க முடியும். சூடான காற்று, கூடுதல் அழுத்தம், இரண்டும் சேர்ந்தால் ஸ்பார்க் பற்றவைத்த தீ போய்ச் சேருமுன் மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். 400 குதிரைத்திறனில் ஒரு நாக் வந்தால் காரின் கம்ப்யூட்டர் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் பற்றும் நேரத்தை, பின்னால் தள்ளிச் சமாளிக்கும். 1000இல் ஒன்றிரண்டே போதும், கதை முடிந்தது.

இங்கேதான் என் பிஸ்டன். கம்பெனியிலிருந்து வரும்போது 250 குதிரைத்திறன் இருந்த 2 லிட்டர் டர்போ கார். முதலில் மென்பொருளை மட்டும் மாற்றி 310 ஆக்கினேன், இரண்டு வருடம் எந்தத் தொல்லையும் இல்லை. சும்மா இருக்க முடியவில்லை. பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர் போட்டு 400ஐத் தொட்டாயிற்று. டைனோ காகிதத்தில் வளைவு அழகாக இருந்தது, நாக்கிங் துளியும் இல்லை. அப்புறம் ஒரு மதியம், நல்ல வெயில், நீளமான மலையேற்றம், மூன்றாவது கியரில் விட்டு விட்டு முழு மிதி. பாதி ஏற்றத்தில் இன்ஜின் ஒரு மாதிரி இருமியது, பின்னால் நீலப் புகை. திறந்து பார்த்தால் மூன்றாவது பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் வரப்பு உடைந்திருந்தது. டியூன் செய்தவரைக் குறை சொல்ல மாட்டேன். டைனோவில் ஒரு ஓட்டம் பத்து விநாடி, எதிரில் ஆள் உயரத்துக்கு மின்விசிறி, ஓட்டத்துக்கு ஓட்டம் ஐந்து நிமிட ஓய்வு. அந்தக் காகிதம் சொன்னது பொய் இல்லை, பத்து விநாடிக்கு உண்மை. நான்தான் அதை அரை மணி நேரத்துக்கு உண்மை என்று எடுத்துக்கொண்டேன்.

நாக்கிங்கை எரிபொருளால் வெல்லலாம், ஓரளவுக்கு. கோனிக்செக் ஜெஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 5 லிட்டர் இரட்டை டர்போ வி8, பெட்ரோலில் 1280, எத்தனால் கலந்த இ85இல் 1600. எத்தனால் ஆவியாகும்போது நிறைய வெப்பத்தை உறிஞ்சும், நாக்கிங்கையும் நன்றாகத் தாங்கும், அதனால் கூடுதல் பூஸ்ட் வைக்க முடிகிறது. விலை என்னவென்றால் லிட்டருக்கு அதில் சக்தி குறைவு, எனவே மூன்றில் ஒரு பங்கு போல அதிகமாக ஊற்ற வேண்டும். 1000 குதிரைத்திறன் பெட்ரோல் டர்போ இன்ஜின் முழு மிதியில் நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டர் குடிக்கும், இ85 என்றால் 8. ஒரு பம்ப் பத்தாது, குழாய் பத்தாது. எரிபொருளைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் நேரடி ஊசி முறை இன்ஜின்களில் இன்னொரு சிக்கல் உண்டு: வேகம் ஏற ஏற எரிபொருளைத் தெளிக்கக் கிடைக்கிற நேரமே மில்லி விநாடிகளாகச் சுருங்கிவிடும், அதனால் சிலிண்டருக்கு வெளியே காற்று வரும் வழியில் தெளிக்கும் பழைய பாணி இன்ஜெக்டர்களைத் தனியாக இன்னொரு வரிசை சேர்க்கிறார்கள்.

இந்தத் தலைவலி புதிதல்ல. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று, நாக்கிங்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து பீய்ச்சியது. பலர் தொட்டியை நிரப்பவே மறந்தார்கள், தொட்டி காலியானால் கார் தானே பூஸ்ட்டைக் கட்டுப்படுத்திக்கொள்ளும், வாங்கியவர்களுக்கு எரிச்சல். கடைசியில் நிறைய கார்களில் டர்போவையே கழற்றிவிட்டார்கள்.

இனி இரும்பு. ஒரே 1000 குதிரைத்திறனை இரண்டு வழியில் எடுக்கலாம். நிமிடத்துக்கு 6000 சுற்றில் எடுத்தால் டார்க் (முறுக்கு விசை) கிட்டத்தட்ட 1190 நியூட்டன் மீட்டர், 9000 சுற்றில் எடுத்தால் 790 போதும். முதல் வழியில் சிலிண்டருக்குள் அழுத்தம் எகிறும், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும், சிலிண்டரை மேலே மூடும் ஹெட் எழும்பப் பார்க்கும், நடுவில் இருக்கும் கேஸ்கட் ஊதிக்கொள்ளும். இரண்டாவது வழியில் அழுத்தம் குறைவு, ஆனால் பிஸ்டனை மேலே நிறுத்தித் திருப்பி இழுக்கும் விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும். 7000லிருந்து 9000 போனால் 65 சதவீதம் கூடுதல், ராடு போல்ட் அறுந்து போவது இங்கேதான். டர்போ சாலைக் கார்களில் பெரும்பாலும் முதல் வழிதான் ஆசை காட்டும், மிதித்தவுடன் முதுகில் தள்ளுகிறதே. ராடுகளை அதிகமாகக் கொல்வதும் அதுதான்.

டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட் என்ற 3 லிட்டர் இன்ஜின் பற்றி யாராவது உடனே சொல்வார்கள். நியாயமான புகழ்தான்: வார்ப்பிரும்பு பிளாக், நல்ல கிராங்க், சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் நகரும் தூரமும் 86க்கு 86 மில்லிமீட்டர், 8.5 என்ற குறைந்த கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்ற கணக்கு). ஜப்பானில் 280 என்று விற்ற இன்ஜினுக்கு இது அதிகப்படியான கட்டுமானம். ஆனால் 1000 குதிரைத்திறன் 2ஜேஇசட் என்று காட்டப்படுவதைத் திறந்து பாருங்கள். டர்போ, பிஸ்டன், ராடு, கேம், வால்வ் ஸ்பிரிங், எரிபொருள் அமைப்பு, கம்ப்யூட்டர் எல்லாம் புதிது. கம்பெனிப் பொருள் என்று மிஞ்சுவது பிளாக்கும் கிராங்கும், பல நேரம் அவ்வளவுதான். அந்த டர்போவும் பெரிய சக்கரம், அது உருண்டு எழவே 4500, 5000 சுற்று ஆகும். அதுவரை நீங்கள் ஓட்டுவது கம்ப்ரஷன் குறைந்த, சோம்பலான 3 லிட்டர் கார். அதற்கு மேல் ஒரே வெடிப்பு.

இன்ஜினை வென்றுவிட்டீர்கள் என்றே வைப்போம். அடுத்தது கியர்பாக்ஸ், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதன் நிலைமை அதுதான். ஒரு பக்கம் இன்ஜின் முறுக்குகிறது, மறு பக்கம் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. டயர் வழுக்கினால் கியர் பிழைக்கும். நல்ல டயரும் நாலு சக்கர டிரைவும் இருந்தால் மாட்டியது கியர்பாக்ஸ். அதனால்தான் நிசான் ஜிடி-ஆர் ஆர்35இல் பெரிய பவர் கட்டுகிறவர்கள் கியர்களையும் கிளட்ச் தட்டுகளையும் மாற்றாமல் விடுவதில்லை.

டயருக்கு நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதுதான் என் ஆசையைக் கொஞ்சம் குறைத்தது. 1600 கிலோ கார், தன் எடைக்குச் சமமாக இழுவை தரும் நல்ல சாலை டயர். நாலு சக்கரமும் தள்ளினாலும் 100 கிலோமீட்டர் வேகத்தில் தரை ஏற்றுக்கொள்வது 600 குதிரைத்திறனுக்கும் கொஞ்சம் குறைவு. பின்சக்கர டிரைவ் என்றால், முடுக்கும்போது எடை பின்னால் சாய்வதையும் சேர்த்து, 380 போல. 50 கிலோமீட்டரில் அதில் பாதி. அதாவது பின்சக்கரக் காரில் 100 வேகத்துக்குள் உங்கள் 380ஏ தரையின் எல்லை, மேலே ஏற்றுவதெல்லாம் புகையாகத்தான் போகும். 200இல் அந்த எல்லை இரட்டிப்பாகும், அங்கே கூடுதல் பவருக்கு வேலை உண்டு. ஆனால் அங்கே காற்று நிற்கிறது: 300லிருந்து 400க்குப் போகக் காற்றைக் கிழிக்கும் பவர் மட்டும் ஏறத்தாழ 2.4 மடங்கு வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் 1000 குதிரைத்திறனை உபயோகிக்கிற இடம் சாலையில் எங்கே என்று நீங்களே யோசியுங்கள்.

கம்பெனிகள் செய்யவில்லையா என்றால், செய்தார்கள். 2005இல் புகாட்டி வேரான் 1001 குதிரைத்திறனோடு வந்தது. அதற்கு 8 லிட்டர், 16 சிலிண்டர், நாலு டர்போ, 10 ரேடியேட்டர் வைத்தார்கள். லிட்டருக்கு வெறும் 125. இன்று 2 லிட்டரில் 421 குதிரைத்திறன் தருகிற மெர்சிடிஸ்-ஏ.எம்.ஜி. எம்139 லிட்டர் கணக்கில் அதைவிட வெகு முன்னால். ஆனால் வேரானின் 1001 பத்து விநாடிக் கணக்கு அல்ல. 1000 குதிரைத்திறன் கிராங்குக்குப் போகும்போது அதைப் போல இரண்டு மடங்கு வெப்பமாக வெளியே போக வேண்டும், அந்தப் பத்து ரேடியேட்டரும் அதற்குத்தான். முழு வேகத்தில் ஓட்டினால் இன்ஜின் தாங்கும், 100 லிட்டர் தொட்டிதான் 12 நிமிடத்தில் காலியாகும்.

உங்கள் 380க்கு வருகிறேன். கம்பெனி ராடு, பிஸ்டனோடு 450 போல வைத்துக்கொண்டு, ஏறும் பவருக்கு முன்பாகவே பெரிய இன்டர்கூலர், ஆயில் கூலர், நல்ல டயர் என்று போவது என் தேர்வு. உங்கள் இன்ஜின் எதுவென்று சொல்லாததால் அந்த 450ஐப் பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின்னாக எடுத்துக்கொள்ளுங்கள். 1000தான் வேண்டும் என்றால் கால் மைல் ஓடி, டிரெய்லரில் வீட்டுக்கு வரும் காராக ஒத்துக்கொண்டு கட்டுங்கள், அதிலும் சந்தோஷம் உண்டு, நான் கேலி செய்யவில்லை.

எதைச் செய்தாலும் டியூனரிடம் உச்சப் பவர் காகிதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இடைவெளி விடாமல் ஐந்து ஓட்டம் ஓடச் சொல்லி, ஐந்தாவது ஓட்டத்தின் உள்வரும் காற்று வெப்பநிலையும், அப்போது கம்ப்யூட்டர் டைமிங்கை எத்தனை டிகிரி பின்னால் இழுத்தது என்பதையும் கேளுங்கள். என் கார் இப்போது புதிய ஃபோர்ஜ்டு பிஸ்டன்களோடு, அதே பெரிய டர்போவோடு, ஐந்தாவது ஓட்டத்தில் 345 காட்டுகிறது. முதல் ஓட்டத்தில் 352.