சைன் 30 ஏன் அரை வரவில்லை? ஜாவா மேத் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

சேர்ந்துகிடந்த கேள்விகளில் ஜாவாவின் மேத் கிளாஸ் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் இடறுகின்றன. ஃபங்ஷன் ஒழுங்காக வேலை செய்கிறது, அதற்குள் நாம் அனுப்புவது இன்ட்டா (முழு எண்) டபுளா (தசம எண்), அது திருப்பித் தருவது எந்த வகை என்பதைத்தான் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். கோட் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, மேத்.சைன்(30) போட்டால் 0.5 வரணும், எனக்கு மைனஸ் 0.988 வருது. ஜாவாவை மறுபடி இன்ஸ்டால் பண்ணணுமா?

வேண்டாம், உங்கள் ஜாவா நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளியில் படித்த 30 என்பது டிகிரி. சைன், காஸ், டேன் மூன்றுமே இங்கே ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். வெறும் 30 கொடுத்தால் அதை 30 ரேடியன் என்று எடுத்துக்கொள்ளும், அது ஏறக்குறைய 1719 டிகிரி, அதாவது நான்கு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு ஐந்தாவது சுற்றில் 279 டிகிரிக்கிட்டே போய் நிற்கிறது, அந்த இடத்தில் சைனின் மதிப்பு மைனஸ் 0.988தான். மேத்.சைன்(மேத்.டுரேடியன்ஸ்(30)) என்று எழுதுங்கள்.

எழுதி ஓட்டியதும் திரும்பி வருவீர்கள், ஏனென்றால் அப்போதும் 0.5 வராது, 0.49999999999999994 வரும். காஸ் 90 டிகிரிக்குப் பூஜ்யத்துக்குப் பதில் 6.123233995736766இ-17 வரும் (கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இ-17ஐப் பார்க்காமல் "ஆறு வருது சார்" என்று பதறியவர்கள் உண்டு, அது தசமப் புள்ளிக்குப் பின் பதினாறு பூஜ்யம் தாண்டி வரும் ஆறு). பை முடிவே இல்லாத தசமம், டபுளில் இருப்பதோ 64 பிட்தான், ஆகவே ஜாவா வைத்திருக்கும் மேத்.பை உண்மையான பைக்கு மிக நெருக்கமான எண், பையே அல்ல. டேன் 90 டிகிரிக்கு எரரோ முடிவிலியோ வராமல் 16 இலக்கம் தாண்டிய ஒரு பெரிய எண் வருவதும் இதனால்தான். கணக்குப் போட்டு வந்த இரண்டு டபுள்களை == போட்டு ஒப்பிடாதீர்கள், மைனஸ் குறியை எடுத்துவிடும் ஆப்ஸை வைத்து மேத்.ஆப்ஸ்(ஏ - பி) < 1இ-9 என்பதுபோல ஒரு சின்ன இடைவெளி வைத்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: மேத் கிளாஸுக்கு என்ன இம்போர்ட் எழுதணும்? நியூ மேத்() என்று எழுதினால் கம்பைல் ஆகவில்லை.

எதுவும் எழுத வேண்டாம், அது ஜாவா.லாங் பேக்கேஜில் இருப்பதால் தானாகவே கிடைக்கும். உள்ளே இருப்பவை எல்லாம் ஸ்டாட்டிக், அதனால் ஆப்ஜெக்ட் தேவையில்லை. அப்படி யாரும் உருவாக்கிவிடக் கூடாது என்றுதான் கன்ஸ்ட்ரக்டரைப் பிரைவேட்டாக வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: மொத்தம் 25 பதிவு, ஒரு பக்கத்துக்கு 10. மேத்.சீல்(25/10) என்று போட்டேன். 3 பக்கம் வர வேண்டும், 2.0 வருகிறது.

சீலுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே கதை முடிந்துவிட்டது. 25, 10 இரண்டும் முழு எண்கள், முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஜாவா தசமத்தை அங்கேயே வெட்டிப் போட்டு 2 என்று ஆக்கிவிடும், பிறகு சீல் என்ன செய்யும் பாவம், 2ஐ மேலே தூக்கினாலும் 2தான். 25/10.0 என்று ஒரு பக்கமாவது தசமம் இருக்க வேண்டும். டபுளே வேண்டாம் என்றால் பழைய வழி ஒன்று இருக்கிறது: (25 + 10 - 1) / 10. ஜாவா 18 அல்லது அதற்குப் பிந்தையது வைத்திருப்பவர்களுக்கு மேத்.சீல்டிவ்(25, 10) என்றே ஒன்று வந்துவிட்டது.

கேள்வி: எங்கள் கடை பில்லிங்குக்கு நானே ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். இரண்டு தசம இடத்துக்கு ரவுண்ட் செய்ய மேத்.ரவுண்ட்(தொகை * 100) / 100 போட்டேன், பைசாவே காணாமல் போகிறது. 100.0 என்று மாற்றியபின் பெரும்பாலும் சரி, ஆனால் எப்போதாவது ஒரு பைசா இடிக்கிறது. அப்புறம் மேத்.ரவுண்ட்(-2.5) ஏன் -2?

மூன்று விஷயம் கலந்து கேட்டிருக்கிறீர்கள். பைசா காணாமல் போனது முந்தைய பதிலில் சொன்ன அதே வெட்டு: டபுள் கொடுத்தால் மேத்.ரவுண்ட் லாங் (இன்ட்டைவிடப் பெரிய முழு எண் வகை) தரும், லாங்கை 100 என்ற இன்ட்டால் வகுத்தால் தசமம் போச்சு. (ஃப்ளோட் என்ற சின்ன தசம வகையைக் கொடுத்தால் இன்ட் தரும், இதையும் நினைவில் வையுங்கள்.)

மைனஸ் 2.5க்கு வருவோம். சரிபாதியில் நிற்கும் எண்ணை மேத்.ரவுண்ட் எப்போதும் பெரிய எண் இருக்கும் பக்கமாகத் தள்ளும், 2.5க்கு அது 3, மைனஸ் 2.5க்கு அது மைனஸ் 2. கையால் போடும்போது நாம் மைனஸ் 3 என்போம், அதனால்தான் உறுத்துகிறது. மேத்.ரின்ட் இன்னொரு வழியில் போகும்: பாதியில் நின்றால் இரட்டைப்படை எண்ணுக்குப் போகும், 2.5 என்றால் 2.0, 3.5 என்றால் 4.0. எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ளிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை மெல்ல மெல்ல ஏறிவிடும், அதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு.

அந்த ஒரு பைசாதான் நிஜமான சிக்கல். 1.005 என்று நீங்கள் தட்டும் எண் டபுளில் 1.005ஆக உட்காருவதில்லை, 1.00499999 என்று தொடங்கி நீளும் ஒரு எண்ணாகத்தான் உட்காருகிறது. 100ஆல் பெருக்கினால் 100.49999999999999, ரவுண்ட் செய்தால் 100, கடைசியில் 1.01க்குப் பதில் 1.0. ரவுண்ட் இதில் தப்பே செய்யவில்லை, அதற்கு வந்து சேர்ந்த எண்ணே கொஞ்சம் குறைவு. மாலையில் கல்லாவையும் பில்லையும் ஒத்துப்பார்க்கும்போது ஒரு பைசாவுக்காக மண்டையை உடைத்துக்கொள்வது இப்படித்தான் தொடங்குகிறது.

பணத்துக்கு டபுளே வேண்டாம் என்பதில் நான் பிடிவாதம். ஒன்று, எல்லாத் தொகையையும் பைசாவாக லாங்கில் வையுங்கள், திரையில் காட்டும்போது மட்டும் ரூபாயாக்குங்கள். இல்லையென்றால் தசமத்தைத் தட்டியபடியே வைத்துக்கொள்ளும் பிக்டெசிமல்: நியூ பிக்டெசிமல்("1.005").செட்ஸ்கேல்(2, ரவுண்டிங்மோட்.ஹாஃப்_அப்) என்றால் 1.01 கிடைக்கும். அந்த மேற்கோள் குறிகள் முக்கியம். அவை இல்லாமல் வெறும் 1.005ஐக் கொடுத்தால் அந்தக் குறைப்பட்ட டபுளே உள்ளே போய், மறுபடி 1.00.

கேள்வி: (இன்ட்)மேத்.ரேண்டம்() * 6 + 1. தாயக்கட்டை எத்தனை முறை உருட்டினாலும் 1தான் விழுகிறது.

மேத்.ரேண்டம் 0 முதல் 1க்குள் ஒரு எண் தரும், 0 வரலாம், 1 வரவே வராது. (இன்ட்) என்பது தனக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் முதலில் பிடிக்கும், 0.87ஐப் பிடித்து 0 ஆக்கிவிட்டது, அப்புறம் ஆறால் பெருக்கி என்ன பயன். (இன்ட்)(மேத்.ரேண்டம்() * 6) + 1 என்று ஓர் அடைப்பு சேர்த்தால் போதும். படிக்கச் சுலபமாக வேண்டும் என்றால் த்ரெட்லோக்கல்ரேண்டம்.கரன்ட்().நெக்ஸ்ட்இன்ட்(1, 7), இதில் 7 சேராது.

இதே வரியை வைத்து ஓடிபி உருவாக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கூடாது. மேத்.ரேண்டம் உள்ளே வைத்திருக்கும் விதை (அடுத்தடுத்த எண்களைக் கணக்கிடப் பயன்படும் எண்) 48 பிட்தான், தொடர்ந்து வந்த சில எண்களைப் பார்த்தே அடுத்ததைக் கணக்குப் போட்டுவிடலாம். அதற்கு செக்யூர்ரேண்டம் இருக்கிறது. கூடவே ஒன்று: ஓடிபியை இன்ட்டில் வைத்தால் 0427 என்பது 427 ஆகிவிடும், வாடிக்கையாளர் நான்கு இலக்கம் தட்டுவார், நீங்கள் தப்பு என்பீர்கள்.

கேள்வி: மேத்.ஆப்ஸ் மைனஸ் எண் தருமா? இன்டர்வியூவில் கேட்டார்கள், தராது என்று அடித்துச் சொன்னேன்.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் அடித்துச் சொல்லியிருப்பேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், வரும் ஆர்டர்களைப் பத்து க்யூக்களுக்குப் பிரித்து அனுப்ப ஒரு வரி எழுதினேன்: மேத்.ஆப்ஸ்(ஐடி.ஹேஷ்கோட்()) % 10. ஹேஷ்கோட் என்பது ஐடியிலிருந்து ஜாவா கணக்கிட்டுத் தரும் ஓர் இன்ட், % 10 என்பது அதைப் பத்தால் வகுத்த மீதி. ஹேஷ்கோட் மைனஸாக வரலாம் என்று தெரிந்துதானே ஆப்ஸ் போட்டிருக்கிறேன் என்று எனக்கே ஒரு பெருமை. எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் ராத்திரி ஒரே ஒரு ஆர்டர் மட்டும் உள்ளே போக மறுத்து, அர்ரே இன்டெக்ஸ் மைனஸ் 8 என்று எரர் அடித்துக்கொண்டே இருந்தது. பத்து க்யூ இருக்கும் இடத்தில் மைனஸ் எட்டாவது க்யூ எங்கிருந்து வந்தது என்று விடியும்வரை உட்கார்ந்து பார்த்தேன்.

காரணம் இதுதான். இன்ட்டில் அடங்கும் மிகச் சிறிய எண் மைனஸ் 2147483648, மிகப் பெரியது 2147483647. மைனஸ் பக்கம் ஒன்று அதிகம். அந்தக் கடைசி எண்ணின் குறியை மாற்றினால் வர வேண்டிய 2147483648க்கு இன்ட்டில் இடமே இல்லை, சுற்றிக்கொண்டு மறுபடி அதே மைனஸ் எண்ணாக வந்து நிற்கும். அதை 10ஆல் வகுத்த மீதி மைனஸ் 8. கிட்டத்தட்ட 429 கோடி ஹேஷ்கோட்களில் ஒன்றுதான் இப்படி, அது என் பங்குக்கு வந்தது. சோதித்துப் பார்க்க ஆசையா, பாலிஜீன், லூப்ரிகன்ட்ஸ் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி விடாமல் சின்ன எழுத்தில் சேர்த்து எழுதி ஹேஷ்கோட் எடுங்கள், சரியாக அந்த எண்ணே வரும்.

தீர்வு, ஆப்ஸையே தூக்கிவிட்டு மேத்.ஃப்ளோர்மாட்(ஐடி.ஹேஷ்கோட்(), 10). ஜாவா 8இல் வந்தது. ஜாவாவில் -7 % 10 என்றால் -7, ஃப்ளோர்மாட் என்றால் 3, வகுக்கும் எண் ப்ளஸ் என்றால் விடையும் மைனஸ் ஆகாது. ஆப்ஸ்தான் வேண்டும் என்றால் ஜாவா 15 முதல் மேத்.ஆப்ஸ்எக்ஸாக்ட் இருக்கிறது, இந்த மூலையில் மாட்டினால் பொய் சொல்லாமல் எக்செப்ஷன், அதாவது எரர், எறியும்.

கேள்வி: 10 ^ 2 போட்டால் 8 வருகிறது. மேத்.பவ் போட்டால் 100.0 வருகிறது. கனமூலத்துக்கு மேத்.பவ்(-8, 1/3) போட்டால் 1.0. என்ன நடக்கிறது?

ஜாவாவில் ^ அடுக்கு இல்லை, பிட்டுக்குப் பிட் எக்ஸார் (இரண்டு பிட்டும் வேறுவேறு என்றால் 1, ஒன்றே என்றால் 0), 1010உம் 0010உம் சேர்ந்து 1000, அதாவது 8. பவ் எப்போதும் டபுள்தான் தரும். கனமூலத்தில் உங்கள் 1/3 மறுபடி அந்த முழு எண் வகுத்தல், அது 0, எதை 0 அடுக்குக்கு உயர்த்தினாலும் 1. 1.0/3 என்று திருத்தினால் நான் என்று வரும் (நீங்களும் நானும் இல்லை, "இது எண் அல்ல" என்று சொல்லும் மதிப்பு), மைனஸ் எண்ணுக்குப் பின்ன அடுக்கை பவ் ஏற்காது. மேத்.சிபிஆர்டி(-8) போடுங்கள், அழகாக -2.0 வரும்.

பவ் விடையை (இன்ட்) போட்டு அடக்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. (இன்ட்)மேத்.பவ்(10, 10) ஆயிரம் கோடி தராது, இன்ட்டின் உச்சியான 2147483647இல் முட்டிக்கொண்டு நிற்கும். 100000 * 100000 என்று இன்ட்டில் பெருக்கினால் இன்னும் மோசம், 1410065408 என்று நம்பும்படியான ஒரு தப்பான எண் வரும். மேத்.மல்டிப்ளைஎக்ஸாக்ட் போட்டால் எண் வழிந்ததும் எக்செப்ஷன் வரும். இது கற்றுக்குட்டிகளின் தவறு என்று நினைக்க வேண்டாம், ஜாவாவோடு வந்த பைனரி சர்ச்சிலேயே (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை) நடு இடத்தைக் கண்டுபிடிக்கும் கூட்டல் இப்படி வழிந்துகொண்டிருந்தது, அதை எழுதிய ஜோஷுவா ப்ளாக்கே 2006இல் ஒப்புக்கொண்டு எழுதினார். அர்ரேயில் 107 கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால்தான் வெளியே தெரியும் என்பதால் பல வருடம் யார் கண்ணிலும் படவில்லை.

சின்ன வர்க்கத்துக்கு பவ் எதற்கு, எக்ஸ் * எக்ஸ் என்று எழுதிவிட்டுப் போங்கள்.

கேள்வி: இருபடிச் சமன்பாட்டில் இஃப் (விடை == டபுள்.நான்) என்று சோதித்தும் சிக்கவில்லை.

சிக்காது. நான் தனக்குத்தானே சமம் இல்லை. டபுள்.இஸ்நான்(விடை) போடுங்கள். அதைவிட, வர்க்கமூலம் எடுக்கும் முன்பே உள்ளே போகும் எண் மைனஸா என்று பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: ஓர் எண்ணில் எத்தனை இலக்கம் என்று பார்க்க மேத்.லாக் வைத்துச் செய்தேன். 1000க்கு மட்டும் 4க்குப் பதில் 3 வருகிறது.

மேத்.லாக் இயல் மடக்கை, அடிமானம் 10 இல்லை. நீங்கள் லாக்(1000)ஐ லாக்(10)ஆல் வகுத்திருப்பீர்கள், அது 2.9999999999999996, இன்ட் ஆக்கினால் 2, ஒன்று கூட்டினால் 3. மேத்.லாக்10(1000) சரியாக 3.0 தரும், பத்தின் அடுக்குகளுக்கு அப்படித் துல்லியமாகத் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது.

கேள்வி: அட்சரேகை, தீர்க்கரேகை வைத்து இரண்டு ஊருக்கு நடுவே தூரம் கண்டுபிடிக்க மேத்தில் ஏதாவது இருக்கிறதா?

நேராக ஒரு ஃபங்ஷன் இல்லை, ஹேவர்சைன் சூத்திரத்தை நீங்களே எழுத வேண்டும், சைன், காஸ், ஸ்கொயர்ரூட், ஏசைன் இருந்தால் நாலு வரி. பூமியின் ஆரத்தை 6371 கிலோமீட்டர் என்று வையுங்கள். பூமிப்பந்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் இடங்களுக்கு, ஸ்கொயர்ரூட்டுக்குள் போகும் எண் தசமக் குறைபாட்டால் 1ஐத் துளி தாண்டிவிடலாம், உடனே ஏசைன் நான் ஆகிவிடும், அதனால் மேத்.மின்(1, எக்ஸ்) என்று ஒரு கவசம் போடுங்கள். திசையும் வேண்டும் என்றால் மேத்.ஏடேன்2, அதில் முதலில் ஒய், அப்புறம்தான் எக்ஸ், மாற்றிக் கொடுத்தால் எரர் வராது, ஊர் வேறு பக்கம் போய்விடும்.

சென்னைக்கும் மதுரைக்கும் போட்டுப் பாருங்கள், 420 கிலோமீட்டரை ஒட்டி வர வேண்டும். அது காக்கை பறக்கும் தூரம், பஸ் டிக்கெட்டோடு ஒப்பிட வேண்டாம். பல ஆயிரம் கிலோமீட்டர் என்று வந்தால் டிகிரியை அப்படியே சைனுக்குள் அனுப்பியிருக்கிறீர்கள், முதல் கேள்விக்கு ஒருதரம் போய்வாருங்கள்.