இன்ஃபினிட்டி வேண்டாம்

அன்புள்ள அக்கா,

எங்கள் பைத்தான் சர்வீஸ் வாரத்துக்கு ஒருமுறை ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ (திறந்த கோப்புகள் அளவுக்கு மேல்) என்று நின்றுவிடுகிறது. ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளைத் திறந்து வைக்கலாம் என்ற வரம்பாக லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் 65535 போட்டேன். டெர்மினலில் யூலிமிட் கட்டளை அதையே காட்டுகிறது. சர்வீஸுக்கு மட்டும் 1024தான். பேசாமல் இன்ஃபினிட்டி, அதாவது வரம்பே இல்லை என்று, கொடுத்துவிடலாமா? சர்வீஸை டாக்கர் கன்டெய்னருக்குள் மாற்றினால் சரியாகுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

டாக்கரை விடுங்கள். ஓட்டைப் பானையை எந்த அடுப்பில் வைத்தாலும் ஒழுகும்.

லிமிட்ஸ்.கான்ஃப், லாகின் செய்து வருபவர்களுக்கானது. லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தானே கிளப்பும் சர்வீஸ் பொதுவாக அந்த வழியில் வருவதில்லை. ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ கொடுத்து, சர்வீஸ் பகுதியில் லிமிட்நோஃபைல் என்ற வரம்பை எழுதி ரீஸ்டார்ட் செய்தால் ஏறிவிடும். சரி, அது ஐந்து நிமிட வேலை.

கடிதத்தில் என்னை உறுத்தியது ‘வாரத்துக்கு ஒருமுறை’ என்ற சொல். கூட்டத்தால் வரும் பிரச்சினை கூட்டம் வரும்போது வரும். நாள் கணக்கு வைத்து வந்தால், எங்கோ திறந்ததை மூடாமல் விட்டிருக்கிறீர்கள். அதைத் தேடாமல் இன்ஃபினிட்டி கேட்கிறீர்களே, தம்பி!

நானும் அதைச் செய்தவள்தான். பல வருடங்களுக்கு முன் நான் பார்த்துக்கொண்ட ஒரு சர்வீஸில் இதே பிழை. 1024ஐ ஒரு லட்சமாக்கினேன். இரண்டு மாதம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு விடுமுறை நாள் மாலையில் அதே மெஷினில் இருந்த டேட்டாபேஸ் விழுந்தது. லினக்ஸில் நெட்வொர்க் இணைப்பும் திறந்த கோப்பாகத்தான் எண்ணப்படும். மூடாத ஒவ்வொரு கனெக்‌ஷனும் கொஞ்சம் நினைவகத்தைப் பிடித்து வைத்திருந்தது. நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸின் மையமான கெர்னல் ஒரு பிராசஸை (ஓடும் நிரலை) கொல்லும். பெரும்பாலும் அதிகம் பிடித்திருப்பதைத்தான். அங்கே அதிகம் பிடித்திருந்தது, ஒரு தப்பும் செய்யாத டேட்டாபேஸ். விடிய விடிய உட்கார்ந்து அதை மீட்டோம். டைம்‌அவுட் ஆகும்போது மட்டும் ஓடும் ஒரு கிளையில் சாக்கெட்டை (இணைப்பின் நம் பக்க முனையை) மூடும் வரி விட்டுப்போயிருந்தது. ஆயிரக்கணக்கில் சாக்கெட்டுகள் க்ளோஸ்-வெயிட் நிலையில் கிடந்தன. எதிர்முனை மூடிவிட்டது, நாங்கள் மூடவில்லை.

1024 இருந்தவரை அந்த ஒரு சர்வீஸ் மட்டும் நின்று, ‘என்னைப் பார்’ என்றது. அதன் வாயை அடைத்தது நான். அன்றிலிருந்து எந்த சர்வீஸின் யூனிட் கோப்பிலும் மெமரிமேக்ஸ் என்ற நினைவக உச்சவரம்பை எழுதாமல் விடுவதில்லை. விழுந்தாலும் அந்த சர்வீஸ் மட்டும் விழட்டும்.

இப்போதைக்கு 4096 வையுங்கள். உங்கள் பிராசஸ் எண்ணுக்குக் கீழே, புராக் அடைவில் எஃப்டி என்று ஒன்று இருக்கும். திறந்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பதிவு. கூட்டம் அடங்கிய நடுராத்திரியில் அதில் எத்தனை இருக்கின்றன என்று மூன்று நாள் எண்ணி எனக்கு எழுதுங்கள். நடுவில் ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும்.

அன்புடன்,
அக்கா