கலைக்குப் பூமாலை, அறிவியலுக்கு நெருப்பா?

கேள்வி: 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மதம் கலைக்குப் பூமாலை போட்டது, அறிவியலை நெருப்பில் போட்டது. மைக்கேலாஞ்சலோவுக்குப் போப் தன் ஆலயச் சுவரையே கொடுத்தார். கோபர்நிக்கஸோ போப்புக்குப் பயந்து சாகும்வரை புத்தகத்தை ஒளித்து வைத்தார். அறிவியல் கட்டுரைகள் வெளியிடும் உங்கள் இதழ் இதை ஏன் வெளிப்படையாக எழுதுவதில்லை?
– வாசகர், திருச்சி

பதில்: எழுதாததற்குக் காரணம் தயக்கம் இல்லை. நடந்தது அப்படி இல்லை, அவ்வளவுதான்.

கோபர்நிக்கஸ் போப்புக்குப் பயந்தார் என்கிறீர்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன அந்தப் புத்தகத்தை அவர் சமர்ப்பித்ததே போப்புக்குத்தான். 1543இல் நூரம்பர்கில் அச்சான அந்த நூலின் முன்னுரை, போப் மூன்றாம் பாலை நேரடியாக விளித்து எழுதப்பட்டது. கோபர்நிக்கஸ் திருச்சபைக்கு வெளியே நின்று கலகம் செய்தவரும் அல்ல. ஃபிராம்போர்க் பேராலயத்தின் நிர்வாகத்தில் இடம்பெற்றிருந்தவர். 1533இலேயே போப் ஏழாம் கிளமென்டின் செயலர் ஒருவர் வாட்டிகன் தோட்டத்தில் வைத்து அந்தப் போப்புக்கு இந்தக் கொள்கையை விளக்கினார். மகிழ்ந்துபோன போப் அந்தச் செயலருக்கு ஒரு கிரேக்கச் சுவடியைப் பரிசாகக் கொடுத்தார். 1536இல் கார்டினல் ஷான்பெர்க், கண்டுபிடித்ததை அறிஞர்களுக்குத் தெரிவிக்கும்படி கோபர்நிக்கஸுக்குக் கடிதமே எழுதினார். அந்தக் கடிதமும் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது.

அவர் தயங்கியது உண்மை. அதை அவரே முன்னுரையில் ஒளிக்காமல் சொல்கிறார். பூமி சுற்றுகிறது என்றால் படித்தவர்கள் கைகொட்டிச் சிரிப்பார்களே என்பதுதான் அவருடைய பெரிய பயம். வேதவசனம் ஒன்றைத் திரித்துக்கொண்டு சண்டைக்கு வரக்கூடிய வாயாடிகளையும் குறிப்பிடுகிறார். ஆனால் அவர்களைப் பொருட்படுத்தப் போவதில்லை, கணிதம் கணிதர்களுக்காக எழுதப்படுவது என்று தள்ளிவிடுகிறார்.

அவர் புத்தகத்தில் கை வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் ரோமில் இல்லை. ரோமிலிருந்து பிரிந்த லூத்தரின் வழியில் சென்ற நூரம்பர்க் போதகர் ஒசியாண்டர், இதில் உள்ளவை கணக்குப் போட உதவும் ஊகங்கள்தான், உண்மையாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்று பெயர் போடாமல் ஒரு முகவுரையை நுழைத்துவிட்டார். கோபர்நிக்கஸின் நண்பரான கத்தோலிக்க ஆயர் கீஸ் கொதித்துப்போய் நகர மன்றத்திடம் முறையிட்டார். ரோம் அந்த நூலைத் திருத்தும்வரை தடை செய்தது 1616இல்; அச்சாகி 73 ஆண்டுகள் கழித்து. இதற்கிடையில், ஈஸ்டர் தேதியைச் சரியாகக் கணிக்க வேண்டும் என்பதற்காக அதே ரோம் வானியலாளர்களைக் கூட்டி நாட்காட்டியைத் திருத்தியது. 1582 அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது அப்படித்தான்.

சரி, கலைக்கு வருவோம். போப்பின் ஆலயச் சுவரில் மைக்கேலாஞ்சலோ வரைந்த ‘இறுதித் தீர்ப்பு’ 1541இல் திறக்கப்பட்டது. அப்போது போப்பாக இருந்தவரும் இதே மூன்றாம் பால்தான். நிர்வாண உருவங்களைப் பற்றிய முணுமுணுப்பு அப்போதே தொடங்கிவிட்டது. 1563இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் சமயப் படங்களுக்கு விதி வகுத்தது. அடுத்த ஆண்டே அந்தச் சுவரில் உள்ள உருவங்களை மூடும்படி உத்தரவு வந்தது. சில வாரங்களில் மைக்கேலாஞ்சலோ இறந்தார். துணி வரையும் வேலை, அவரை ஆசானாகக் கொண்டாடிய டானியேலே தா வோல்த்தேராவின் தலையில் விழுந்தது. புனித பிளேஸின் உருவத்தைச் சுவரிலிருந்தே கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாக வரைய வேண்டியிருந்தது. மூலம் போனது போனதுதான். அந்தப் பாவப்பட்ட ஓவியருக்குக் ‘கால்சட்டைக்காரர்’ என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஓவியர் வெரோனீஸின் கதை இன்னும் கூர்மையானது. வெனிஸில் ஒரு துறவு மடத்தின் உணவுக்கூடத்துக்காக, 12 மீட்டருக்கும் அதிக அகலத்தில் இயேசுவின் இராவுணவை வரைந்தார். 1573 ஜூலையில் சமய விசாரணை மன்றம் அவரை அழைத்தது. இந்தப் படத்தில் கோமாளிக்கு என்ன வேலை, மூக்கில் ரத்தம் வழிகிறவன் யார், ஆயுதம் தாங்கிய ஜெர்மானியர்கள் எதற்கு என்று கேட்டார்கள். ஜெர்மானியர் என்றால் லூத்தரின் ஆட்கள் என்ற சந்தேகம். கவிஞர்களும் பித்தர்களும் எடுத்துக்கொள்ளும் உரிமையை ஓவியர்களாகிய நாங்களும் எடுத்துக்கொள்கிறோம் என்றார் வெரோனீஸ். சொந்தச் செலவில் மூன்று மாதத்துக்குள் திருத்த வேண்டும் என்று தீர்ப்பு. அவர் தலைப்பை மட்டும் ‘லேவியின் வீட்டு விருந்து’ என்று மாற்றினார். அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். சூரிச்சில் 1524இல் ரோமை எதிர்த்த சீர்திருத்தக்காரர்கள் ஆலயங்களிலிருந்து படங்களையும் சிலைகளையும் அடியோடு அகற்றினார்கள். அவர்களுக்குத் திருத்தம்கூடப் போதவில்லை.

ஓவியம் ஏன் முதலில் அடிபட்டது? கோபர்நிக்கஸின் நூல் லத்தீனில், அட்டவணைகளும் வடிவியலுமாக இருந்தது. அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் மிகச் சிலர். படம் அப்படியில்லை, எழுத்தறியாதவரும் அண்ணாந்து பார்ப்பார். திரெந்து சங்கத்தின் தீர்மானமே, கல்லாதவர்களைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச்செல்லும் படம் கூடாது என்கிறது. அதிகாரம் பயந்தது உண்மைக்கு அல்ல, அது யாரைப் போய்ச் சேரும் என்பதற்கு என்றே நான் இதைப் படிக்கிறேன். பின்னாளில் ரோமின் விசாரணைக்கு ஆளான கலிலியோ, 1632இல் தன் பெரிய நூலை லத்தீனில் எழுதாமல் மக்கள் பேசிய இத்தாலியில் எழுதினார் என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள்.

நான் திருச்சபைக்கு வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். கோபர்நிக்கஸின் சமர்ப்பணத்துக்கு உரிய அதே மூன்றாம் பால்தான் 1542இல் ரோமில் சமய விசாரணை அமைப்பை நிறுவியவர். நெருப்பு இருந்தது. ஸ்பானிய மருத்துவரும் இறையியலாளருமான செர்வேட்டஸை அந்த நெருப்பு தின்றது. 1553இல் அவரை எரித்தது ரோம் அல்ல, சீர்திருத்தத் தலைவர் கால்வினின் ஜெனீவா. அதற்கு முன்பே பிரான்சில் கத்தோலிக்கர்கள் அவருடைய உருவபொம்மையை எரித்திருந்தார்கள். ரத்தம் இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போய்த் திரும்புவதை ஐரோப்பாவில் முதலில் அச்சில் விவரித்தவர் அவர். அதனால் ‘அறிவியலுக்காக எரிக்கப்பட்டவர்’ என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அவர் மீது சாட்டிய குற்றம் ஒரே கடவுள் மூன்று ஆள்களாக இருக்கிறார் என்ற திரித்துவத்தை மறுத்ததும், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கூடாது என்றதும்தான். ரத்த ஓட்டத்தை அவர் எழுதியதே ஓர் இறையியல் நூலுக்குள். ஆன்மா ரத்தத்தில் இருக்கிறது என்று வேதம் சொல்வதாக நம்பினார். அதனால் ரத்தம் போகும் வழியைத் தேடினார். அந்த மனிதருக்குள் மதமும் மருத்துவமும் ஒரே தேடலாக இருந்தன. கடைசிவரை அவர் தன் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. நீங்கள் கேட்கிறபடி எழுதினால், எதற்காக உயிரைக் கொடுத்தாரோ அதையே அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்வோம். அதை எங்கள் இதழ் செய்யாது.