கனடா பார்சலுக்கு வாசலில் வரி: யார் கட்டுவது?

கேள்வி: "அண்ணா, நாங்க சென்னிமலையில கைத்தறி வச்சிருக்கோம். இன்ஸ்டாகிராம்ல பார்த்துட்டு டொரன்டோவுல இருந்து ஒரு அக்கா போர்வையும் விரிப்புமா நூறு டாலருக்கு வாங்குனாங்க. ஈரோட்டுல கூரியர்ல போட்டு உட்டோம். அங்க வரி, புரோக்கரேஜ்னு பாதி விலைக்கு மேல கேக்கறாங்களாம். 'முன்னாலயே சொல்றதுக்கென்ன'ன்னு கோவிச்சுக்கிட்டு அந்த அக்கா பார்சலை வாங்க மாட்டேங்கறாங்க. புக்கிங் போட்டவரு எல்லாம் சேர்த்துத்தானுங்கன்னு சொன்னாரு. இப்ப நாங்க என்ன பண்றதுங்க? இனிமே எப்படி அனுப்பறது?"

பதில்: முதலில் அந்தப் பார்சலைக் காப்பாற்றுவோம். கோபத்தில் 'திருப்பி அனுப்பிவிடுங்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வாங்குபவர் மறுத்தால் செலவு அனுப்பியவர் தலையில் விழும் என்பதுதான் பெரும்பாலான கூரியர் நிறுவனங்களின் நிபந்தனை. ஏர்வே பில்லில், அதாவது கூரியர் தரும் புக்கிங் ரசீதில், பொடி எழுத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. திரும்பி வரும் கூலி உங்களுடையது. அதோடு, இந்தியாவுக்குள் நுழையும்போது இது இங்கிருந்து போன அதே சரக்குதான் என்று சுங்கத்துறைக்கு நீங்கள் காகிதம் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் உங்கள் தறியில் நெய்த போர்வைக்கு நீங்களே இறக்குமதித் தீர்வை கட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே அந்த அம்மாவிடம் பேசிவிடுங்கள். பார்சல் இன்னும் சுங்கத்தில்தான் நிற்கிறது, கிளியரன்ஸ் (சுங்க அனுமதி) ஆகவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. கனடாவில் சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர், சுங்க வேலையை முடித்துத் தரும் கூரியர்காரரின் புரோக்கர் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, சுங்கம் பார்க்கும் பக்கத்து எல்லைச் சேவை அலுவலகத்துக்குத் தானே போய் வரியைக் கட்டிப் பார்சலை எடுத்துக்கொள்ளலாம். புரோக்கருக்குக் கொடுக்கும் கட்டணமான புரோக்கரேஜ் மிச்சம். கிளியரன்ஸ் முடிந்துவிட்டதென்றால் அந்த வழி அடைபட்டுவிட்டது. வரியை அவர் கட்டட்டும், புரோக்கரேஜை நீங்கள் திருப்பிக் கொடுங்கள். இந்த ஒரு தடவை நட்டம்தான், ஆனால் திருப்பி வரவழைக்கும் செலவைவிடக் குறைவு, வாடிக்கையாளரும் கையை விட்டுப் போகமாட்டார்.

இனி, அவரிடம் கேட்ட தொகை எப்படி வந்தது என்று பார்ப்போம். நூறு கனடா டாலர் சரக்கு. வீட்டுத் துணிகளுக்கு அங்கே தீர்வை கொஞ்சம் கனம்தான். கணக்குக்கு 17 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 17 டாலர். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் விற்பனை வரி 13 சதவீதம். அது நூறுக்கு அல்ல, தீர்வையும் சேர்ந்த 117க்கு. 15 டாலர் 21 சென்ட். ஆக அரசாங்கத்துக்குப் போவது 32 டாலர் 21 சென்ட். இதுவரைக்கும் யார் கொண்டுபோனாலும் ஒன்றுதான்.

இதற்கு மேல் வருவதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். அஞ்சலில் போயிருந்தால் கனடா போஸ்ட் ஒரு பார்சலுக்கு 9 டாலர் 95 சென்ட் என்று ஒரே கட்டணம் வாங்கும். கூரியரில் புரோக்கரேஜ் என்று ஒன்று, வரியை அவர்கள் முன்பணமாகக் கட்டியதற்கு இன்னொன்று. மதிப்பு ஏற ஏற இந்தக் கட்டணமும் ஏறும், ஆனால் அடிமட்டத் தொகை ஒன்று எப்போதும் இருக்கும். ஆயிரம் டாலர் சரக்குக்கு அது பெரிதாகத் தெரியாது. நூறு டாலர் பார்சலுக்குக் கழுத்தை நெரிக்கும். சில எக்ஸ்பிரஸ் சேவைகளில் கிளியரன்ஸ் கட்டணம் கூலியிலேயே அடங்கிவிடும். அங்கேயும் முன்பணக் கட்டணம் தனியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூலி மலிவாகத் தெரிகிற இடத்தில் மிச்சத்தை அந்தப் பக்கத்தில் வசூலிக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

'எல்லாம் சேர்த்துத்தானுங்க' என்று உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூரில் புக்கிங் எடுப்பவர்களில் பலர் பெரிய கூரியர்களின் ஏஜென்ட்கள். அவர்கள் சொல்லும் 'எல்லாம்' என்பது பிக்கப், பேக்கிங், வீடுவரை கூலி. அந்த நாட்டு வரி அதில் இல்லை. அடுத்த முறை ஒரே கேள்வி கேளுங்கள்: "இது டிடிபியா, டிடியூவா?" டிடிபி என்றால் வரியை அனுப்புகிற நீங்கள் கட்டுகிறீர்கள். டிடியூ, இப்போது டிஏபி என்றும் சொல்வார்கள், வாங்குபவர் கட்டுவது. பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே ஏஜென்ட் இன்னொரு வேலையும் செய்திருப்பார். பில்லை எடுத்துப் பாருங்கள். 'கிஃப்ட்' என்று போட்டு, மதிப்பைக் குறைத்து எழுதி, உங்கள் ஆதாரை ஒட்டி அனுப்பியிருக்கலாம். கனடாவில் 60 டாலர் வரை அன்பளிப்புக்கு வரியில்லை என்பது நிஜம். ஆனால் அது ஒருவர் இன்னொருவருக்குச் சும்மா கொடுப்பது. காசு வாங்கி விற்றது அன்பளிப்பு ஆகாது. அங்கே சுங்க அதிகாரி உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து விலையைப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? பார்சல் தொலைந்தால் இன்ஷூரன்ஸ் கிடைப்பதும் எழுதிய மதிப்புக்குத்தான். இந்தப் பக்கம், உங்கள் வங்கிக் கணக்கில் ஏற்றுமதிப் பணம் வந்திருக்கும், அதற்கு ஈடாக ஏற்றுமதிக் காகிதம் இருக்காது. வியாபாரமாகத் தொடரப் போகிறீர்கள் என்றால் ஐஇசி எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான எண்) எடுத்து, கூரியரில் சிஎஸ்பி-5 என்ற வியாபார ஏற்றுமதிப் படிவம் வழியாகவோ, அஞ்சலில் ஏற்றுமதிப் படிவம் போட்டோ அனுப்புங்கள். திரும்பி வரும் சரக்குக்கு முன்னால் சொன்ன காகிதமும் இதுதான்.

இன்வாய்ஸில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, துணி விலையும் அனுப்புகிற கூலியும் தனித்தனியாக எழுதியிருக்கட்டும். கனடாவில் தீர்வை கணக்கிடும்போது இங்கிருந்து போகும் கூலியைக் கழித்துவிடுவார்கள், தனியாகக் காட்டினால் மட்டும். 'ஃப்ரீ ஷிப்பிங்' என்று மொத்தமாக எழுதினால் கூலிக்கும் சேர்த்துத் தீர்வை. இரண்டு, எச்எஸ்என், அதாவது சரக்கு இன்னதென்று காட்டும் சுங்க எண். நம் ஊரில் போர்த்துவதையும் விரிப்பதையும் பெட்ஷீட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சுங்க அட்டவணையில் போர்வை 6301, படுக்கை விரிப்பு 6302, கட்டிலுக்கு மேலே அலங்காரமாகப் போடுவது 6304. நூறு சதவீதம் பருத்தி, கைத்தறி, இந்தியா என்பதையும் எழுதுங்கள். வெறும் 'டெக்ஸ்டைல்ஸ்' என்று எழுதினால் அங்கிருக்கும் புரோக்கர் தனக்குத் தோன்றிய எண்ணைப் போட்டுவிடுவார்.

'அமெரிக்காவிலிருந்து வாங்கினால் எனக்கு வரியே வருவதில்லையே' என்று கனடா வாடிக்கையாளர் கேட்பார். அமெரிக்கா, மெக்சிகோவிலிருந்து கூரியரில் வருவதற்கு 40 டாலர் வரை விற்பனை வரியும் 150 டாலர் வரை தீர்வையும் கிடையாது. நமக்கு அந்த வரம்பு 20 டாலர்தான். நம் பார்சல் பெரும்பாலும் அதில் தப்பாது.

மற்ற நாடுகளுக்கு வேறு வேறு கதை. பிரிட்டனில் 135 பவுண்டுக்குள் இருந்தால் விற்கும்போதே வாட் வசூலிக்க வேண்டும். எட்சி போன்ற ஆன்லைன் விற்பனைத் தளத்தில் விற்றால் தளமே பார்த்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சிறிய பார்சல்களுக்கு இருந்த வாட் விலக்கு 2021 ஜூலை 1 முதல் இல்லை. அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த தீர்வை விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டார்கள். நம் அஞ்சல் துறையும் அப்போது பெரும்பாலான பார்சல்களை நிறுத்திவைத்து, அக்டோபர் 15 முதல் வரியை இங்கேயே கட்டும் முறையோடு மீண்டும் எடுத்துக்கொண்டது. அமெரிக்க விகிதம் அடிக்கடி மாறுகிறது, புக்கிங் அன்றைக்குக் கேட்காமல் விலை சொல்லாதீர்கள்.

கனடாவுக்கு ஓரிரண்டு போர்வை என்றால் நான் அஞ்சலைத்தான் சொல்வேன். நாள் கூடுதலாக ஆகும், பரவாயில்லை. நான்கைந்து உருப்படிக்கு மேல் போனால் டிடிபி கூரியர் எடுத்து அந்தச் செலவை விலையிலேயே ஏற்றிவிடுங்கள். அஞ்சலில் அனுப்பினால், பணம் வாங்குவதற்கு முன்பே இப்படி ஒரு செய்தி போட்டுவிடுங்கள்: 'உங்கள் நாட்டில் தீர்வை, விற்பனை வரி, கையாளும் கட்டணம் வரும், நூறு டாலருக்கு ஏறக்குறைய 40 டாலர் ஆகலாம், அது எங்கள் விலையில் சேராது.' அவர் 'சரி' என்று பதில் போட்ட பிறகு பேக் பண்ணுங்கள். பார்சல் படிவத்தில், பட்டுவாடா ஆகாவிட்டால் திருப்பி அனுப்பவா, கைவிடவா என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விடாமல் நீங்களே டிக் செய்யுங்கள்.